முத்திரைக்கு ஒரு அட்டை

உக்காருங்க சார், உக்காருங்க. நான் கொஞ்சம் நகந்துக்கிறேன். இல்ல இல்ல, இந்தப் புஸ்தகம் மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா பிரேக் போடுறப்ப விழுந்துரும். பையில வெக்கலாம்னா ஜிப்பு இன்னிக்குக் காலையிலதான் வாயப் பொளந்துச்சு. பரவாயில்ல, இப்படிக் குப்புற வெச்சுக்கிட்டா ஆச்சு.

எதுவரைக்கும் போறீங்க? காலேஜ் ஸ்டாப்பா! நானும் அங்கதான். திண்டுக்கல்ல இருந்து ஒரு மணி நேரம்னு போட்டிருப்பான், இந்த வண்டி ஒவ்வொரு மில் வாசல்லயும் நின்னு நின்னுதான் போகும். அட்மிஷனா? பொண்ணுக்கா? முன்னாடி லேடீஸ் சீட்ல, பச்சைச் சுடிதார், ஃபைல கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே, அதுவா? நல்லாப் படிக்கிற களை முகத்துல தெரியுது.

அந்தக் காலேஜப் பத்தி வேற யாருகிட்டயும் நீங்க கேக்க வேண்டாம். என்னையக் கேளுங்க. முப்பத்தோரு வருஷம் அங்க லைப்ரரியில இருந்தவன். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. பெருமாள்சாமின்னா ஒருத்தனுக்கும் தெரியாது, லைப்ரரி சார்னா வாட்ச்மேன்ல இருந்து கரெஸ்பாண்டன்ட் வரைக்கும் தெரியும். ஒரு புஸ்தகம் காணாமப் போனதில்ல என் காலத்துல. ஒண்ணுகூட. ஆடிட்காரங்க வந்து அசந்து போவாங்க. "எப்படி சார் இது?"ம்பாங்க. கண்டிப்பு. வேறென்ன?

சாருக்கு எந்த ஊரு? அட, அந்த ஊரா! எனக்குத் தெரியுமே. எங்க சித்தப்பாவோட சம்பந்தி வீடு அங்கதான், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால. நீங்க கோயிலுக்கு எந்தப் பக்கம்? ஓ. கண்மாய்க்கு அங்கிட்டா. சரி சரி. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன், ஒரு பழக்கம். நான் அதெல்லாம் பாக்குற ஆளே இல்ல. கூட வேலை பாத்த யாரையும் கேட்டுப் பாரு தம்பி. தம்பின்னு கூப்பிடலாம்ல? பழகிட்டா எனக்கு நீ, வா, போன்னுதான் வரும். தப்பா எடுத்துக்காத.

அப்படின்னா உனக்கு மொதல்ல சொல்ல வேண்டியது புக் பேங்க் விஷயம். புக் பேங்க் தெரியுமா? கவர்மென்ட் பணத்துல எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைங்களுக்குன்னே பாடப் புஸ்தகம் வாங்கி லைப்ரரியில வெக்கிறது. செமஸ்டர் ஆரம்பத்துல எடுத்துட்டுப் போலாம், பரீட்சைக்கு முன்னாடி திருப்பிக் குடுக்கணும். மத்தவனெல்லாம் கடையில காசு குடுத்து வாங்கணும், இவங்களுக்குச் சும்மா! எவ்வளவு பெரிய சலுகை பாரு. அதுக்குன்னு எங்க லைப்ரரியில தனி பீரோ, இரும்பு பீரோ. சும்மா சாவி இல்ல, நம்ம திண்டுக்கல் மாங்காப் பூட்டு ஒண்ணு வாங்கி வெளியில மாட்டினேன். அந்தப் பூட்ட ஒடைக்கணும்னா பீரோவத்தான் ஒடைக்கணும்.

அது மட்டுமில்ல. ரூல்படி முத்திரை உள்பக்கத்துல குத்தணும். நான் யோசிச்சேன். உள்பக்கத்துல குத்துனா எவன் பாக்குறான்? கிழிச்சுப் போட்டா முடிஞ்சது. அதனால பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரப்பர் ஸ்டாம்ப் கடையில சொல்லி, என் கைக்காசு போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முத்திரை செஞ்சேன். சிவப்பு மையி. அட்டை மேலயே, நடு மத்தியில, பளிச்சுன்னு. "எஸ்.சி. / எஸ்.டி. புக் பேங்க்." பஸ்ல, கிளாஸ்ல, வீதியில எங்க வெச்சிருந்தாலும் பத்தடி தள்ளி நிக்கிறவனுக்கே தெரியும் இது யாரு புஸ்தகம்னு. எவன் திருடுவான்? என் சொந்த மூளை தம்பி அது. வேற எந்தக் காலேஜ்லயும் கிடையாது.

வருஷா வருஷம் ஜூலை மாசம் நோட்டீஸ் போர்டுல பேர் எழுதி ஒட்டுவேன். அப்புறம் லைப்ரரி வாசல்ல நின்னு, "புக் பேங்க் பிள்ளைங்கல்லாம் இந்தப் பக்கம் வரிசை, மத்தவங்க அந்தப் பக்கம்"னு சத்தம் குடுப்பேன். ஒரு குழப்பம் இருக்காது. மொத வருஷம் நாப்பது பேர் வந்தான். அடுத்த வருஷம் பதினாலு. அதுக்கடுத்த வருஷம் ஏழோ எட்டோ. அப்புறம் ஒருத்தனும் வரல. பேர் எழுதி ஒட்டுறேன், வரிசையக் காட்டுறேன், ஒருத்தன் வரமாட்டேங்குறான். என்ன சொல்றது? படிக்கிற ஆர்வமே கிடையாது. தானமாக் கெடைச்ச மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குற புத்தி. நான் யாரையும் குறை சொல்லல. ஆனா புஸ்தகமெல்லாம் எப்படி இருந்துச்சு தெரியுமா? புதுசு! முந்நூறு புஸ்தகம், பிரிச்சா மொடமொடன்னு சத்தம் வரும். அப்படிக் காப்பாத்தி வெச்சிருந்தேன்.

இதுக்கு நடுவுல ஒரே ஒரு பொண்ணுதான் தொடர்ந்து வந்துச்சு. நாகஜோதி. எகனாமிக்ஸ். அப்ப எனக்குப் பேரெல்லாம் தெரியாது, "ஏ புக் பேங்க்"ம்பேன், திரும்பிப் பாக்கும். பிரியமாத்தான் கூப்பிடுறது. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்து, இங்கிலீஷ் புஸ்தகத்தக் கேட்டுச்சு. "உனக்கு இது புரியாதும்மா, உங்க ஹெட்டு தயாளன் சார் தமிழ்ல எழுதுன புஸ்தகத்தக் கடையில வாங்கிக்க"ன்னேன். கேக்கல. இதுதான் வேணும்னு நின்னுச்சு. குடுத்தேன். குடுக்காம இருந்தேனா?

மூணாவது வருஷம், பரீட்சைக்கு முன்னாடி, நோ டியூ வாங்குற நேரம். உனக்கு அது தெரியாது. லைப்ரரி பாக்கி ஒண்ணுமில்லன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் ஹால் டிக்கெட் குடுப்பாங்க. அன்னிக்கு மட்டும் கலெக்டர விட எனக்குத்தான் மதிப்பு. வரிசை வராண்டாவத் தாண்டி நிக்குது. இந்தப் பொண்ணு வந்து புஸ்தகத்த நீட்டுது. பாக்குறேன், பிரவுன் பேப்பர்ல அட்டை! முத்திரையே தெரியல. எனக்கு எப்படி இருக்கும்?

"எதுக்கும்மா அட்டை போட்ட?"

"அழுக்காகக் கூடாதுன்னு சார்."

"அழுக்கா? முத்திரைய மறைச்சு வெச்சு, சொந்தப் புஸ்தகம் மாதிரி ஊரெல்லாம் காட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்க. கேட்டா அழுக்குங்குற?"

பேசாம நின்னுச்சு. பேசாம நிக்கிறதும் ஒரு திமிர்தானே? அங்கேயே அந்த அட்டையப் பிடிச்சுக் கிழிச்சேன். பசை போட்டு ஒட்டியிருந்துச்சு போல, ஓரத்துல புஸ்தகத்தோட தோலும் கொஞ்சம் சேந்து வந்திருச்சு. "இது என்னன்னு வாசி"ன்னேன். மெதுவா வாசிச்சுச்சு. "சத்தமா வாசி, பின்னாடி நிக்கிறவனுக்கும் தெரியட்டும்"னேன். சத்தமா வாசிச்சுச்சு. நல்ல கணீர்க் குரல். வரிசையில ரெண்டு பேர் சிரிச்சானுங்க. அவனுங்களையும் நான் அதட்டினேன் தம்பி, அத யாரும் சொல்ல மாட்டாங்க. அப்புறம் நோ டியூல கையெழுத்துப் போட்டேன். நிறுத்தி வெச்சிருக்கலாம் நான். நெனச்சிருந்தா அந்த வருஷம் பரீட்சையே எழுதியிருக்க முடியாது. போட்டேன்ல? அடிக்கிற கைதான் அணைக்கும்.

என்ன, உங்க... உன் பொண்ணு திரும்பித் திரும்பிப் பாக்குது? நீ இருக்கியான்னு பாக்குதா. பயந்த சுபாவம் போல. கையக் காட்டு, இருக்கேன்னு காட்டு.

சரி, கதைக்கு வர்றேன். அந்தப் பொண்ணு போயிருச்சு, எங்கெங்கயோ படிச்சிச்சு, டாக்டர் பட்டம் வாங்கிச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே காலேஜுக்கு வாத்தியாரா வந்து நிக்கிது! அசிஸ்டன்ட் புரொபசர் நாகஜோதி. எனக்குப் பெருமைதான். நம்ம கையால புஸ்தகம் வாங்கிப் படிச்ச பிள்ள. வந்துச்சு, வேலையப் பாத்தமா, சம்பளத்த வாங்குனமான்னு இருக்கணுமா இல்லையா? என்ன பண்ணிச்சு தெரியுமா? ஒரு பாடப் புஸ்தகம் எழுதிச்சு. தமிழ்ல. எழுதட்டும், யாரு வேணாங்குறா? எழுதி, விக்கல. போன்ல போட்டு விட்டிருச்சு. எவன் வேணாலும் பாத்துக்கலாம், எறக்கிக்கலாம், ஜெராக்ஸ் போட்டுக்கலாம், தப்பிருந்தா திருத்தலாம், உங்க ஊரு உதாரணத்தச் சேத்துக்கலாம். காசு கிடையாது, பேர் எழுத வேண்டாம், யாருகிட்டயும் கேக்க வேண்டாம். அதுக்குப் பேரு திறந்த புஸ்தகமாம். புஸ்தகத்தத் திறந்து போட்டா நாய் நரியெல்லாம் நொழையாதா?

அதுல உதாரணமெல்லாம் பசங்க எழுதுனதாம். வெலை ஏறுனா வாங்குறது குறையும்ங்கறதுக்கு முருங்கைக்கா மார்க்கெட்டு. ஒருத்தி அவ அக்கா மில்லுல பாக்குற வேலையப் பத்தி எழுதியிருக்கா, அதுவும் பாடமாம். கடைசிப் பக்கத்துல அம்பது அறுபது பேரு பசங்க பேரு. தயாளன் சார் அத அச்செடுத்து எங்கிட்ட காட்டினார். எகனாமிக்ஸ் ஹெட்டு. தங்கமான மனுஷன். அவரு எழுதுன புஸ்தகம்தான் இருபது வருஷமாப் பாடம். இந்தத் திறந்த புஸ்தகம் வந்த நாள்ல இருந்து அவரு புஸ்தகத்த ஒரு பய வாங்கல. கட்டுக் கட்டா வீட்டு மாடியில கெடக்குதாம். அதுக்காக அவரு வருத்தப்படல தம்பி, அப்படிப்பட்ட ஆளே இல்ல. "தரம் போச்சே பெருமாள்சாமி, அதான் என் கவலை"ன்னார். கண்ணே கலங்கிருச்சு அவருக்கு.

அந்தப் புஸ்தகத்துல மொதப் பக்கத்துல ஒரு வரி. அத அவரு வாசிச்சுக் காட்டினார். "இந்தப் புத்தகத்துக்குப் பூட்டு இல்லை, முத்திரை இல்லை." அவ்வளவுதான். பேரு கீரு ஒண்ணும் போடல. ஆனா யாரக் குத்துறா? நீயே சொல்லு. பூட்டுப் போட்டது யாரு? முத்திரை செஞ்சது யாரு? ஊர்ல வேற ஆளே இல்லையா? முப்பத்தோரு வருஷ உழைப்ப ஒரே வரியில சிரிப்பாச் சிரிக்க வெச்சிருச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. எம் பொண்டாட்டிகூட, "உங்களத்தான்னு எழுதலையேங்க, நீங்க ஏன் சட்டைய எடுத்து மாட்டிக்கிறீங்க"ங்குறா. அவளுக்கு என்ன தெரியும்?

அந்தப் பொண்ணுக்கு ப்ரொபேஷன் முடியுது. இன்னிக்குப் பதினோரு மணிக்குக் கமிட்டி. சரின்னா வேலை நெரந்தரம், இல்லன்னா வீட்டுக்கு. தயாளன் சார் கேட்டார், "அந்தப் பொண்ணு படிக்கிறப்ப ஒழுக்கம் எப்படி இருந்துச்சு, உங்க ஞாபகத்துல ஏதாவது இருக்கா?"ன்னு. இந்த அட்டை விஷயத்தச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவரு நிமிந்து உக்காந்துட்டார். "இது போதும்"னார். அவரே லெட்டர் டைப் பண்ணி, எங்க வீட்டுக்கே கொண்டாந்து, கையெழுத்து வாங்குறதுக்குப் பேனாவும் அவரே குடுத்து... எனக்கு ஒரு சிரமமும் வெக்கல. இந்தா, சட்டைப் பையில இருக்கு. "மாணவியாக இருந்தபோது நூலக உடைமையின் முத்திரையை அபகரிக்கும் நோக்கத்துடன் மறைத்துப் பிடிபட்டவர்." அபகரிக்கும் நோக்கம்ங்கறது அவரு வார்த்தை. கடைசி நாள் அந்தப் பொண்ணே கொண்டு வந்து குடுத்துச்சு, அப்புறம் எப்படி அபகரிக்கிறதுன்னு எனக்கும் ஒரு யோசனை வந்துச்சு. ஆனா படிச்ச மனுஷன், அவருக்குத் தெரியாததா?

சாட்சிக்கு இந்தப் புஸ்தகம். அதேதான்! அந்தப் பொண்ணு குடுத்த அதே புஸ்தகம். ரிட்டையர் ஆகுற வருஷம், புக் பேங்க் புஸ்தகமெல்லாம் சிலபஸ் மாறிப்போச்சுன்னு கழிச்சுக் கட்டச் சொல்லிட்டாங்க. பழைய பேப்பர்காரன் தராசுல ஏத்துறான், முந்நூறு புஸ்தகமும் கல்யாணப் பத்திரிக்கை மாதிரி பளபளன்னு இருக்கு. எனக்கு அழுகையே வந்திருச்சு. அதுக்குள்ள இது ஒண்ணு மட்டும் தொளதொளன்னு, ஓரமெல்லாம் மழுங்கி, கை பட்டுக் கை பட்டு ஒரு மாதிரி மெத்துன்னு. ஏன்னு தெரியல, இத மட்டும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். எழுதியெல்லாம் வெக்கல. அதுக்காக அத அபகரிச்சேன்னு சொல்ல முடியுமா? காப்பாத்தினேன்.

ஆறு வருஷம் பரண்ல கெடந்துச்சு. நேத்துச் சாயங்காலம்தான் தூசி தட்டித் திறந்தேன். எப்பவும் புஸ்தகம் திரும்பி வந்தா பக்கம் பக்கமாப் புரட்டி, பென்சில் கிறுக்கல் இருந்தா ரப்பர் வெச்சு அழிச்சுட்டுத்தான் உள்ள வெப்பேன், அது என் வழக்கம். அன்னிக்கு இருந்த கோவத்துல இதப் புரட்டாமலே பீரோவுல போட்டிருந்திருக்கேன். நேத்துப் பாக்குறேன், எல்லாப் பக்கத்துலயும் பென்சில் எழுத்து! பொடிப் பொடியா, எறும்பு ஊர்ற மாதிரி. ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்குப் பக்கத்துலயும் தமிழ்ல அர்த்தம். "கவர்மென்ட் சொத்துல கிறுக்கல், இது இன்னொரு சாட்சி"ன்னு மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழக்க தோஷம், கை தானாப் போயி ரப்பர எடுத்துருச்சு. மொத ரெண்டு பக்கத்த அழிச்சும் புட்டேன். யானை தன் தலையில தானே மண்ண வாரிப் போட்ட கதைதான்.

மூணாவது பக்கத்துல கை நின்னுருச்சு.

ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்டுன்னு ஒரு வார்த்தை. தயாளன் சார் புஸ்தகத்துல அதுக்கு ஒரு பக்கத்துக்கு விளக்கம் இருக்கும், எனக்கு இன்னிவரைக்கும் புரிஞ்சதில்ல. இந்தப் பொண்ணு ஓரத்துல எழுதியிருக்கு: "ஒண்ணை எடுத்துக்கறப்ப நாம கைவிடுற இன்னொண்ணு. நான் காலேஜுக்கு வர்றேன். அம்மா நைட் ஷிப்ட் போறாங்க. நான் படிக்கிறதோட விலை அம்மாவோட தூக்கம்."

அவ்வளவுதான் தம்பி. நாலு வரி. படிச்சதும் பட்டுனு புரிஞ்சிருச்சு எனக்கு. முப்பத்தோரு வருஷம் புஸ்தகத்துக்கு நடுவுல இருந்தவன், ஒரு இங்கிலீஷ் பாடப் புஸ்தகத்துல ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சது நேத்துத்தான். மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. ரப்பர ஜன்னல்ல வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். எம் பொண்டாட்டி வந்து காப்பி ஆறுதுன்னா. அந்தப் பக்கத்த அழிக்கல. அதுக்கப்புறம் எதையும் அழிக்கல. ஏன்னு கேக்காத. எனக்குத் தெரியாது.

அதுக்காக சாட்சி சொல்லாம இருக்க முடியுமா? கையெழுத்துப் போட்டாச்சு. தயாளன் சார் காத்துக்கிட்டிருப்பார். ஒரு தடவை சொன்னா சொன்னதுதான், நான் அப்படிப்பட்ட ஆளு. அதுவுமில்லாம நான் பொய்யா சொல்றேன்? அட்டை போட்டது நெசம். மறைச்சது நெசம். மறைக்கிறவ மனசுல ஏதோ இருக்கப் போயித்தானே மறைக்கிறா? முத்திரையில என்ன இருக்கு மறைக்கிறதுக்கு? மறைக்க வேண்டிய விஷயமா அது?

என்ன சொல்ற? பொண்ணு எகனாமிக்ஸா கேக்குது? யாரு, அந்த மேடம் இருக்காங்கன்னா? போன்ல அந்தப் புஸ்தகத்தப் படிச்சிட்டு, சேந்தா அவங்க கிளாஸ்லதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குதா? பன்னெண்டாவது லீவுல முழுசும் படிச்சிருச்சா? முழுசுமா?

அது... சேக்கலாம். சேருறதுக்கு என்ன. மேடம் இல்லாட்டி வேற ஆளு வருவாங்க. தயாளன் சார் இருக்கார். நீ ஒண்ணும் கவலப்படாத. நீ என்ன வேலை பாக்குற? மில்லுலயா. வீட்ல? அவங்களும் மில்லுதானா. சரி. எந்த ஷிப்டுன்னு நான் கேக்கல. சொல்லாத, விடு.

மேட்டு மில்லு வந்திருச்சா? அப்ப அடுத்த ஸ்டாப்தான் நமக்கு. எழுந்திரிக்கலாம். இரு இரு. உன்கிட்ட ஒரு பேப்பர் இருக்குமா? நியூஸ் பேப்பர், எதுவா இருந்தாலும் சரி. இல்லையா? பொண்ணு ஃபைல்ல வெறும் பேப்பர் ஏதாவது? மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும்தானா. அதெல்லாம் வேணாம், வேணாம்.

எதுக்குன்னா, பஸ்ஸ விட்டு எறங்கிக் கேட்ல இருந்து கமிட்டி ரூம் வரைக்கும் நடக்கணும். அட்மிஷன் நேரம், ஊரு உலகமே மரத்தடியில நிக்கும். பாதிப் பேரு புது ஆளு, என்னையத் தெரியாதவன். இத இப்படியே கையில புடிச்சுக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? இவ்வளவு நேரம் குப்புறப் போட்டு வெச்சிருந்தேன், நடக்குறப்ப எப்படிக் குப்புறப் புடிக்கிறது? பாக்குறவன் என்னைய என்னன்னு நெனைப்பான்?

உன்னையச் சொல்லல தம்பி. பொதுவாச் சொன்னேன்.

இந்தா, இது போதும். இந்த லெட்டரே போதும். ஃபுல்ஸ்கேப், பின்பக்கம் வெறும் வெள்ளை. வெள்ளைய வெளிய வெச்சு மடிச்சா... பாரு, அளவெடுத்து வெட்டுன மாதிரி உக்காருது! ரெண்டு பக்கமும் ரெண்டு வெரக்கடை உள்ள மடிக்கவும் இருக்கு. அட்டை போடுறதுல என்னைய மிஞ்ச ஆளு கிடையாது, எத்தன ஆயிரம் புஸ்தகத்துக்குப் போட்டிருப்பேன். இந்த மூலைய மட்டும் அமுக்கிப் புடி. அவ்வளவுதான். இப்ப யாருக்குத் தெரியும்? சாதாரணப் புஸ்தகம்.

உள்ள போயி, லெட்டர் எங்கன்னு கேட்டா, கழட்டிக் குடுத்துக்கலாம். கமிட்டி ஆளுங்க நாலு பேரு இருப்பாங்க, தயாளன் சார் இருப்பார், அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்கும். அவங்க முன்னாடி வெச்சு இந்த அட்டையப் பிடிச்சு...

எல்லாரு முன்னாடியும்.

என்ன, விசில் குடுத்துட்டானா? பொண்ணு எந்திரிச்சு நின்னு பாக்குது பாருங்க, உங்களத்தான் தேடுது. ஏன் சார் என்னைய அப்படிப் பாக்குறீங்க? அந்தப் பொண்ணும் அன்னிக்கு இப்படித்தான், ஒண்ணும் பேசாம... நீங்க எறங்குங்க சார். பொண்ணக் கூட்டிட்டு முன்னாடி போங்க. கேட்ல கேட்டா எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்டு எதுன்னு காட்டுவாங்க. நான் எறங்கல. கண்டக்டரே, அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. இல்ல, எந்த ஊரா இருந்தாலும் சரி. இந்த அட்டை நல்லா உக்காந்திருச்சு, இப்பக் கழட்ட வேணாம்.